ஓய்வெடுக்காத பயில்வான்

உடற்பயிற்சிக் கூடத்தில் அதிகம் சத்தம் போடுவது எது என்று கேட்டால் இரும்பு என்பீர்கள். இல்லை. அங்கே இரும்பைவிடச் சத்தமான ஓர் உயிரினம் உண்டு. ஓய்வெடுக்காத பயில்வான் என்று அதற்குப் பெயர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அந்தச் செய்தி தலைமுடிக்குத் தெரியும், முட்டிக்குத் தெரியும், ரேஷன் கார்டுக்கும் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டேதான் உள்ளே நுழைவார். கையைக் காலை ஆட்டி உடம்பைச் சூடாக்குவதெல்லாம் டான்ஸ் ஆடுகிறவர்களின் வேலை என்று அறிவித்துவிட்டு, நேரே இருப்பதிலேயே கனமான இரும்புப் பாருக்குப் போவார். தூக்கும்போது ஒரு உறுமல், வைக்கும்போது ஒரு உறுமல், இரண்டுக்கும் நடுவில், யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் ஒரு நோட்டம். மார்புக்கும் தோளுக்கும்தான் பயிற்சி. கால் எப்படியும் பேண்டுக்குள் இருக்கப்போகிறது, அதற்கு எதற்கு? நேற்று வலித்த இடத்தில் இன்று இன்னும் கொஞ்சம் எடையைப் போட்டால் வலி பயந்து ஓடிவிடும் என்பது அவருடைய வைத்தியம். வலி எங்கே ஓடும்? அதற்கு வேறு வீடு ஏது?

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒன்று அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேட்டில் இருந்தது. கஜபதி என்று பெயர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. மேனாம்பேட்டில் சொந்த வீடு. பஞ்சவர்ணம் என்றொரு மனைவி. இளைஞராக இருந்தபோது தொழிற்சாலை விளையாட்டு விழாவில் பளு தூக்கி ஒரு கோப்பை வாங்கியிருந்தார். அந்தக் கோப்பையை வாங்கிய பிறகு நாட்டில் எத்தனையோ ஆட்சி மாறிவிட்டது. கஜபதி மாறவில்லை. தொண்ணூறுகள் பிறந்தபோதும் அவர் அதே விழாவில்தான் நின்றுகொண்டிருந்தார், கூட்டம் கலைந்து போய்விட்டது தெரியாமல்.

துலுக்கானம் என்பவர் நடத்திய கூடத்துக்குத்தான் கஜபதி தினமும் மாலையில் போவார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரசம் போன கண்ணாடி, ஆஞ்சநேயர் படம், அதன் முன்னால் ஊதுபத்தி. எடைத் தட்டுகள் எல்லாம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு பட்டறையில் வார்த்தவை. ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை என்று துலுக்கானம் பலகை எழுதி மாட்டியிருந்தார். அன்று கஜபதி வீட்டிலேயே தண்டால் எடுப்பார். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டால், யாரோ தன்னை ரிட்டையர் ஆகச் சொல்லிவிட்டதைப் போல முகம் சுருங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூடத்துக்கு தேவராஜ் வந்து சேர்ந்தார். கஜபதிக்கு அடுத்த வீடு, அதே தொழிற்சாலை, ஏறக்குறைய அதே வயது. ரத்தக் கொதிப்பு வந்து, உடம்பை அசைத்துப் பழகு என்று டாக்டர் சொன்னதால் வந்தவர். முதல் நாள் வெறும் பாரை, ஒரு தட்டு கூட மாட்டாமல், தூக்கி வைத்தார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார். அப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதும், வாரத்துக்கு வாரம் சின்னத் தட்டாக ஒன்றைச் சேர்ப்பதும், எட்டு மணி ஆனால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவதுமாக இருந்தார். கஜபதிக்கு அவர் தினசரி கேளிக்கையானார். "லீவு தேவராஜ்" என்று பெயர் வைத்தார். இரும்பு என்பது சீட்டாட்டம் அல்ல, நினைத்தபோது வந்து உட்கார, என்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தேவராஜ் சிரிப்பார். "நமக்கு வயசாயிடுச்சி அண்ணாத்தே, தூக்கினது உடம்புல ஒட்டணும்னா தூங்கணுமாம்" என்பார். நமக்கு என்று சொன்னதுதான் கஜபதியால் தாங்க முடியாமல் போயிற்று.

ஒரு வருஷம் போனது. தேவராஜின் பாரில் தட்டுகள் ஏறின. கஜபதியின் தோளில் வலி ஏறியது.

அந்த வலிக்கு கஜபதி கண்டுபிடித்த காரணங்களைக் கேட்டால் அவருக்குக் கற்பனை வளம் இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முதலில் மின்விசிறிக் காற்று. பிறகு தலையணை. பிறகு பூந்தமல்லி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு பஞ்சவர்ணம் வைத்த வாழைக்காய்க் கறி, வாயு. வாயு, தலையணை, அரசுப் போக்குவரத்து எல்லாம் சேர்ந்து அவரைத் தாக்கினவே தவிர, ஒரு நாளும் விடாமல் அவர் தூக்கிய இரும்பின் மேல் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. பஞ்சவர்ணம்தான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். கை மேலே போகாததால் பனியனைக் கழற்றிவிட்டாள், தலையை வாரிவிட்டாள். கொஞ்ச நாள் அங்கே போகாமல் இரேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அவர் சொன்ன பதில், சிங்கம் லீவு போடுமா என்பது. சிங்கம் நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும் மிருகம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஒரு சனிக்கிழமை மாலை தேவராஜ் தரையில் கிடந்த பாரின் இரண்டு பக்கமும் பெரிய தட்டுகளை மாட்டி, முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, எந்தச் சத்தமும் இல்லாமல் இடுப்பு வரைக்கும் தூக்கி நின்று, மெதுவாகக் கீழே வைத்தார். கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ரொம்ப நாளாக அந்தக் கூடத்தில் கை தட்டல் என்பது கஜபதியின் சொத்தாக இருந்தது. அவர் நேராக வந்தார், அதே பாரில் பக்கத்துக்கு ஒரு தட்டு கூடுதலாக மாட்டினார்.

துலுக்கானம் கிட்டே வந்து தணிவாகச் சொன்னார். "வேணா நைனா. உனுக்குத் தோளே சரியில்ல. இன்னிக்கு உட்டுடு."

கஜபதி அவர் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்தார், இழுத்தார். பார் தரையை விட்டுக் கொஞ்சம் எழுந்தது. அதற்குள் அவர் இடுப்பில், ஈரத் துணியைக் கிழித்ததைப் போல் என்னவோ ஆயிற்று. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனால் இந்த இனம் விழும்போதுகூட விளக்கம் சொல்லிக்கொண்டேதான் விழும். பாரைக் கீழே விட்டார். இடுப்பில் கை வைத்து, ஏதோ யோசிக்கிறவரைப் போல நின்றார். பார் கோணலாக இருக்கிறது, பட்டறைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று துலுக்கானத்திடம் சொன்னார். சைக்கிளில் ஏறவில்லை. காற்று இறங்கிப் போச்சு என்று வழியில் கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டு தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். உண்மையில் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டதால்தான் அவர் நடந்தார்.

வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? சிங்கத்துக்கு லீவு ஆகும்.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் கைபம்பின் அருகில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு கஜபதி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது அவள் ஈர சிமென்டில் ஒரு கால் மடங்கிக் கிடந்தாள். கணுக்கால் பார்க்கச் சகிக்காத கோணத்தில் திரும்பியிருந்தது. அவர் செய்த முதல் காரியம், ஒன்றுமில்லை எழுந்திரு என்று சொன்னது. அவளால் முடியவில்லை. கையை நீட்டினாள்.

"என்னத் தூக்குய்யா" என்றாள்.

கஜபதி குனிந்தார். பாதி வரைக்கும்தான் குனிய முடிந்தது. அங்கேயே நின்றுவிட்டார், நிமிரவும் முடியாமல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"முடியல பஞ்சவர்ணம். இடுப்பு போயிடுச்சி. நேத்தே போயிடுச்சி."

அவள் திட்டவில்லை. கையை மடக்கிக்கொண்டு, மதில் பக்கம் திரும்பி, தேவராஜைக் கூப்பிட்டாள்.

தேவராஜ் வந்தார். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முட்டிக்கும் கொடுத்து, காலில் பலம் வைத்து எழுந்தார். அப்படியே வாசல் வரை நடந்து, அக்கம்பக்கத்தார் கூட்டி வந்த ஆட்டோவில் உட்கார வைத்தார். இதில் கஜபதிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். பாதி குனிந்த நிலையிலேயே பின்னால் வந்து, முட்டியை மடக்கு, மூச்சை இழுத்துப் பிடி, முதுகை வளைக்காதே என்று வாசல் வரைக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டே வந்தார். தேவராஜ் சரி அண்ணாத்தே, சரி அண்ணாத்தே என்றார். அந்த மனிதரின் பொறுமைக்குத்தான் அன்றைக்குக் கோப்பை கொடுத்திருக்க வேண்டும்.

டாக்டர் பஞ்சவர்ணத்துக்கு மாவுக்கட்டு போட்டார். பெஞ்சில் உட்கார முடியாமல் தூணில் சாய்ந்து நின்றவரையும் கூப்பிட்டுப் பார்த்தார். கட்டு இல்லாத ஒரே வித்தியாசம்தான், உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஒரே மருந்துதான், படுக்கை என்றார். தசை கிழிந்திருக்கிறது, இந்த வயதில் ஆற நாளாகும், ஆறாமல் தொட்டால் இன்னும் நாளாகும் என்றும் சொன்னார். நசரத்பேட்டையிலிருந்து பஞ்சவர்ணத்தின் தங்கை கெங்கம்மாள் சமைத்துப் போட வந்தாள். வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், உள்ளறையில் ஒரு கட்டில். பஞ்சவர்ணம் டாக்டர் சொன்னபடி காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கிடந்தாள். கஜபதி டாக்டர் சொன்னதைப் பாதியில் விட்டார். கொஞ்சம் வலி குறைந்ததும், கெங்கம்மாள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தரையில் கையை ஊன்றித் தண்டால் எடுக்கப் போனார். ஒன்று கூட முடியவில்லை. முகம் தரையில் படக் குப்புறக் கிடந்தார். திரும்பி வந்த கெங்கம்மாள் மாமா கும்பிடுகிறார் போல என்று நினைத்து, கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்தாள்.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் அவரைக் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

"கட்டுப் பிரிக்கிற அன்னிக்கு நான் நடந்து பாக்கணும்னு டாக்டர் சொல்லிகீறாரு. புடிச்சிக்க ஒரு ஆளு வேணும். நீ புடிச்சிக்கிறியா, இல்ல தேவராஜண்ணனையே கூப்புட சொல்லட்டுமா? இப்பவே சொல்லிடு" என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஜபதியைப் பிடித்து உலுக்கியது. அவள் நிஜமாகவே ஆள் தேடிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு அவர் உறுமாமல் பதில் சொன்னார். "நானே புடிச்சிக்கிறேன்" என்றார்.

போய்ப் படுத்தார். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. இது அவர் செய்த காரியங்களிலேயே கஷ்டமானது என்று நான் நினைக்கிறேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் அனுமதித்த பிறகு வாசல் வரை நடந்தார், பிறகு தெருமுனை வரை, அதற்கு மேல் நடக்க ஆசை வந்தபோது திரும்பி வந்தார். கட்டுப் பிரித்த அன்று பஞ்சவர்ணம் அவர் முன்கையைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து காலை ஊன்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் கோடி வரை போய்த் திரும்பினாள். அவர் கை ஆடவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இத்தோடு நிறுத்தினால் ஒரு நல்ல மனிதரின் கதையாகிவிடும். ஆனால் நான் ஒரு இனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கஜபதி கூடத்துக்குத் திரும்பி வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். வெறும் பாரை, ஒரு தட்டு கூட மாட்டாமல், தூக்கி வைத்தார். அடக்கம் வந்துவிட்டது என்று துலுக்கானம் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் அந்த வாரக் கடைசியைக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வு என்றால் என்ன என்று இந்த அம்பத்தூரில் ஒருத்தனுக்கும் தெரியவில்லை என்று கஜபதி பிரசங்கம் தொடங்கினார். படுப்பதற்கும் ஓய்வெடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். தான் படுத்ததைப் போல மேனாம்பேட்டில் எவனும் படுத்ததில்லை, எந்த டாக்டர் வேண்டுமானாலும் வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அசைகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பரிதாபமாக இருந்தது. கடைசியாக, மூலையில் பேசாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த தேவராஜைப் பார்த்து, ஓய்வெடுக்கிற முறையே சரியில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குகிறாய், அதனால்தான் உன் பாரில் இன்னும் தட்டு ஏறவில்லை என்று கண்டித்தார்.

தேவராஜ் சரி அண்ணாத்தே என்றார்.

கஜபதியைச் சொல்லிப் பயனில்லை, விடுங்கள். இந்த இனம் மேனாம்பேட்டோடு முடிந்துவிடவில்லை. காட்டுப்பாக்கத்தில் உண்டு, ஆவடி குவார்ட்டர்ஸில் வரிசைக்கு ஒன்று உண்டு, ஜிம் பக்கமே போகாமல் நாற்காலியிலேயே வாழ்கிறவர்களிலும் உண்டு. நமக்கென்ன, நாம் அப்படி இல்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வலது கையை மெல்ல மடக்கி, இடது கை விரலால் புஜத்தை ஒரு தரம் அழுத்திப் பார்த்தீர்களே, அது எதற்கு?