பிரஸ் தின்ற பொரி

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு நிஜமாகவே போட்டுக்கொண்டிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எண்ணெய் அழுத்தத்தால் இரும்புத் தகட்டை அமுக்கி வளைக்கும் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் ஒரு கம்பெனியில், எண்ணெய் ஓடும் குழாய்களைச் சுத்தம் செய்து தயார்படுத்தும் பிரிவுக்கு நான் பொறுப்பு. அடுத்தவருக்குச் சுத்தம் போதிக்கச் சம்பளமும் கொடுத்தால் யாருக்கும் கொம்பு முளைத்துவிடும். எனக்கு இரண்டு முளைத்திருந்தது.

வெல்டிங் முடிந்த இரும்புக் குழாய்களை ஆசிட் தொட்டியில் ஊறவைத்துத் துருவும் செதிலும் நீக்க வேண்டும். பிறகு ஆசிட்டை முறிக்கும் தொட்டி, வெந்நீர், காற்றடித்து உலர்த்தல், உள்ளே எண்ணெய்ப் பூச்சு. கடைசியாக இரண்டு முனைக்கும் பிளாஸ்டிக் மூடி. மூடியபின் பிரஸ்ஸில் மாட்டும்வரை யாரும் திறக்கக் கூடாது. ஒரு தூசி போனாலும் பிரஸ்ஸை ஏற்றி இறக்கும் வால்வு சிக்கிக்கொள்ளும். ஃபிட்டர் சேகர் ஒருமுறை குழாயைப் பனியன் துணியால் துடைத்துவிட்டார். அதிலிருந்து உதிர்ந்த நூலை வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி, அவர் பெயரை எழுதி, நோட்டீஸ் போர்டில் தொங்கவிட்டேன். (இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.)

காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட். எதிர் ஃபிளாட் மருமகள் ஏ.சி.யில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்ட, தன் மருமகள் பி.இ. படித்துவிட்டுப் பைப் கழுவுகிறாளே என்று அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, மனசு ஆறவில்லை. நான் ஆசிட் வாடையோடு வீட்டுக்குள் நுழைவதை அதைவிடப் பொறுக்க முடியவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். தீபாவளிக்குள் வேலை நிரந்தரமானால் தொடரலாம். ஆகாவிட்டால் ராஜினாமா செய்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். எனக்கோ அந்த வேலை உயிர். நிரந்தரமாவது, நசரத்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் செய்துகொண்டிருந்த பிரஸ் ஒழுங்காக ஓடுவதைப் பொறுத்தது என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் கூட்டிவரலாம். என் பெருமையைக் கண்ணெதிரே காட்டிவிடலாம் என்று அத்தையை அழைத்துப் போனேன். ஆயுத பூஜை விஷயத்தில் அத்தை பழம் தின்று கொட்டை போட்டவர். மாமா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் அந்த லேத்துக்குப் பொட்டு வைத்துப் பொரி போட்டது அத்தைதான்.

சந்தனப் பொட்டோடு அடுக்கியிருந்த குழாய்களைப் பார்த்து, "இதான் நீ கழுவுற பைப்பா?" என்று கேட்டார்.

அந்தக் 'கழுவுற' என்னை உசுப்பிவிட்டது. நான் போட்ட சட்டத்தை நானே மீறி, ஒரு குழாயின் இரண்டு மூடிகளையும் கழற்றினேன். ஒரு முனையில் செல்போன் வெளிச்சம் காட்டி, மறுமுனையில் பார்க்கச் சொன்னேன். அத்தை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெள்ளிக் குடம் மாதிரி மின்னுகிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை மேனேஜர் முன்னால் ஒருமுறை சொல்லவைத்துவிட வேண்டும் என்று, கீழ் மூடியை மட்டும் போட்டுக் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைத் தேடி ஓடினேன்.

மேனேஜர் அகப்படவில்லை. திரும்பி வந்தால் அத்தை கண்மூடி, கைகூப்பி நின்றிருந்தார். பொரியும் பொட்டுக்கடலையும் குழாய்களின் மேல் சிதறிக் கிடந்தன. என் வேலைக்காக வேண்டிக்கொள்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மேல் மூடியையும் போட்டு அழுத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

குழாய்களை மாட்டியபின் எண்ணெயை ஓடவிட்டு ஒருமுறை அலசுவது வழக்கம். என் குழாய்க்கு அதெல்லாம் எதற்கு என்று நானே பெரிய மனதோடு தள்ளுபடி செய்தேன்.

சோதனை ஓட்டத்துக்கு நசரத்பேட்டைக் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். சேகர் பொத்தானை அழுத்த, பிரஸ் கம்பீரமாகக் கீழே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். மேலே ஏற்றும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார்தான் முனகியது. சேகர் வால்வைக் கழற்றினார். உள்ளிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, முகர்ந்து பார்த்தார்.

"இன்னா மேடம் இது? வால்வுக்குள்ள பொட்டுக்கடல கீது."

குழாயைக் கழற்றிக் காற்றடித்ததும், எண்ணெயில் ஊறிய பொரி இன்ஸ்பெக்டரின் ஷூ மேல் வந்து விழுந்தது. சேகர் குனிந்து அதை நிதானமாக ஆராய்ந்தார்.

"ஆனா நூலு ஒண்ணும் இல்ல மேடம். நல்லா பாத்துட்டேன்."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. (தொழிற்பேட்டைத் தரை நல்ல கான்கிரீட்.) இது எப்படி உள்ளே போனது என்று மேனேஜர் கேட்டார். மூடியைத் திறந்ததும் நான்தான், மூடியதும் நான்தான் என்றேன். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சாதாப் பொரியா, உப்புப் பொரியா? உப்புன்னா துரு ஏறும்."

எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே மொத்தக் குழாய்களும் மறுபடி ஆசிட் தொட்டிக்குப் போயின. என் நிரந்தரம் பொங்கலுக்குத் தள்ளிப்போனது.

அத்தையின் கெடுவோ தீபாவளி. வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அத்தையின் முகம் வாடும், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. அத்தையோ வாடவில்லை.

"லேத்துக்கு வாய் கிடையாது, மேல போட்டேன். இதுக்குத்தான் வாய் இருக்கே? வாய் இருக்கிறதுக்கு வாயிலதானே போடணும்?"

நியாயம்தான். பேங்க் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தை முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார்.

"நான் போட்ட பொரிக்கு நீ எதுக்குடி பரீட்சை எழுதணும்? பொங்கல் வரைக்கும் போய்ட்டு வா. யார் கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

பொங்கலுக்கு வேலை நிரந்தரமானது. சேகரின் நூலை நோட்டீஸ் போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மறுநாளே ஒரு பொட்டுக்கடலை ஒட்டியிருந்தது. யார் வேலை என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும் உரிமை முழுவதும் அத்தையிடம் போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து, எதிர் ஃபிளாட் கொலு என்று ஓர் இடம் பாக்கியில்லை. கைப்பிடிப் பொரி இப்போது ஒரு படியாகிவிட்டது. பிரஸ் மூன்று மாடி உயரம். ஆசிட், எண்ணெய்ப் பூச்சு, மூடி எல்லாவற்றையும் வரிசை பிசகாமல், நான் சொல்வதைவிட நன்றாகவே சொல்கிறார். என்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால், "நான் கை வச்ச பைப்பு அது. என்னைக் கேக்காம அந்த மெஷினே மேல ஏறல, இதுல உன்னை எங்க சேக்கிறது?" என்கிறார்.