துணிச்சலான முடிவு

"நன்றி. புரிந்தது" என்று அந்த அம்மாள் எழுதியிருந்ததுதான் டெஸ்மண்ட் சக்டனுக்குப் புரியவில்லை.

டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே கைபேசியை மனைவி லோர்னாவிடம் நீட்டினார். லோர்னா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

டெஸ்மண்ட் வீட்டுக் கடன் வாங்கித் தரும் ஆலோசகர். இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் இருபது வருஷமாக அந்த வேலை. பகலில் காசுக்குச் சொல்வதை, காலையிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஓர் இணைய மன்றத்தில் ஓசியாகச் சொல்லுவார். அங்கே அவருக்கு 'மழைக்கோட்டு' என்று பெயர். அந்த மன்றத்தில் அவரைப் போன்ற தொழில்காரர்கள் எழுதலாம். ஆனால் ஆலோசனை சொல்லக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது. ஆகவே எது எழுதினாலும் கடைசியில் 'இது ஆலோசனை அல்ல' என்று ஒரு வரி சேர்ப்பார். சோறு போட்டுவிட்டு இது சோறு அல்ல என்று எழுதி வைப்பது மாதிரிதான். எங்கள் நாட்டில் அப்படித்தான்.

டனூட்டா வியச்சொரெக் என்ற அம்மாள் அங்கே கேட்டிருந்த கேள்வி இது: கணவர் இறந்துவிட்டார். வீட்டின் மேல் கொஞ்சம்தான் கடன் பாக்கி. இன்னும் மூன்று வருஷத்துக்கு வட்டி ஏறாது. இப்போது அந்தக் கடனை அபராதம் கட்டி முன்கூட்டியே முடித்துவிட்டு, அதே வீட்டின் மேல் பெரிய கடன் வாங்கி மருமகனுக்குக் கொடுக்கலாமா? மருமகன் கிரெய்க் கால்வாயில் வெந்நீர்த் தொட்டிப் படகு விடப்போகிறான். நீச்சல் உடையோடு எட்டுப் பேர் வெந்நீரில் உட்கார்ந்தபடி படகில் போகலாமாம்.

டெஸ்மண்ட் எழுதிய பதில்: "துணிச்சலான முடிவு. இது ஆலோசனை அல்ல."

எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார், ஒருவரிடம் 'துணிச்சலான முடிவு' என்றால் 'உனக்கென்ன பைத்தியமா' என்று அர்த்தம். அதற்கு மேல் கடுமையாகச் சொல்வது மரியாதை இல்லை. அதற்குத்தான் அந்த அம்மாள் நன்றி சொல்லியிருந்தார்.

"டனூட்டாங்கிறது போலந்துப் பேராச்சே, கண்ணு" என்றாள் லோர்னா.

"ஆமா. அதுக்கென்ன?"

"அவங்களுக்கு இது புரியுமா? எங்க பள்ளிக்கூடச் சமையல்கட்டுல லிதுவேனியாக்காரர் ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தாரு. அவர் வெச்ச குழம்பைத் தலைமையாசிரியர் வாயில வெச்சுப் பார்த்துட்டு 'வித்தியாசமா இருக்கு'ன்னாரு. மனுஷன் சந்தோஷப்பட்டு வாரம் முழுக்க அதையே வெச்சாரு."

டெஸ்மண்டின் கையில் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"பாராட்டறேன்னு நினைச்சிருப்பாங்களோ?"

"'நன்றி'ன்னு வேற போட்டிருக்காங்களே."

டோஸ்ட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஒரு விதவை, குடியிருக்கும் வீட்டை ஒரு வெந்நீர்த் தொட்டிக்கு அடகு வைக்கப் போகிறார். அதற்குத் தட்டிக் கொடுத்தவர் இவர்.

அலுவலகம் போனதும் முதல் வேலையாக மன்றத்தைத் திறந்து எழுதினார்: "அம்மா, துணிச்சல் என்று நான் சொன்னதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஆலோசனை அல்ல."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அந்த நிமிஷம்தான். மதியத்துக்குள் அதற்குக் கீழே மூன்று பக்கத்துக்குச் சண்டை. துணிச்சல் என்றால் நல்லதா கெட்டதா என்று ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஆரம்பித்து வைத்தார். படகுக்காரர் ஒருவர் கால்வாய்த் தண்ணீரின் ஆழத்தைப் பற்றி எழுதினார். 'புலி' என்ற பெயரில் ஒருவர், "இந்தத் தரகர்கள் ஒரு விஷயத்தை வேண்டாம் என்றால், அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை என்று அர்த்தம்" என்று போட்டார். அதற்கு அறுபது பேர் கைதட்டியிருந்தார்கள்.

டெஸ்மண்டுக்குச் சுரீரென்றது. மரியாதை, விதி எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, "அம்மா, செய்யாதீர்கள். வீடு போய்விடும்" என்று பச்சையாக எழுதினார். பதற்றத்தில் அந்தக் கடைசி வரியைச் சேர்க்க மறந்துவிட்டார்.

பதிவுகளைக் கண்காணிக்கும் மன்றத்து நாட்டாமை உடனே வந்தார். 'இது ஆலோசனை' என்று பதிலைத் தூக்கிவிட்டார். டெஸ்மண்ட் எழுதிய இடத்தில் 'விதிமீறல் காரணமாக நீக்கப்பட்டது' என்று சிவப்பில் ஒரு வரி மட்டும் நின்றது. அதைப் பார்த்தால் அங்கே ஏதோ அசிங்கமாக எழுதியிருந்தது போலத்தான் தோன்றும்.

டெஸ்மண்ட் அந்த அம்மாளுக்குத் தனிச்செய்தி அனுப்பினார். தன் உண்மைப் பெயர், அலுவலகத் தொலைபேசி எண், 'எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் பேசுங்கள்' என்று ஒரு கெஞ்சல். தனிச்செய்திகளையும் மேயும் நாட்டாமை கண்ணில் அது ஆள் பிடிக்கும் வேலையாகப் பட்டது. மழைக்கோட்டை மன்றத்திலிருந்து ஆயுளுக்கும் நீக்கினார். தனிச்செய்தியில் அலுவலக எண் இருந்ததால் அலுவலகத்துக்கும் ஒரு புகார் போட்டார்.

முதலாளி வைட்லி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே வயசு, ஒரே பள்ளி.

"ஏய்யா டெஸ், ஓசியில சொன்னா எவன்யா மதிப்பான்? நூறு பவுண்டு வாங்கிட்டு அதையே சொல்லிப் பாரு. எழுதி வெச்சுக்குவான்."

"காசு இல்லாதவங்க யார்கிட்ட போவாங்க?"

"எங்கயாவது போகட்டும். நீ என்ன தர்ம ஆஸ்பத்திரியா நடத்தற?"

டெஸ்மண்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க வர்றவங்ககிட்ட என்னால 'கடன் வாங்காதே'ன்னு சொல்ல முடியுதா? அப்படிச் சொல்லிட்டா நீயும் நானும் சாப்பிடறது எப்படி? அங்கதான் அதைச் சொல்ல முடியுது. அதைச் சொன்ன அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்கறேன்."

வைட்லி ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். பேச்சு இப்படிப் போனால் எங்கள் ஊரில் தேநீருக்குக் கெட்டிலைப் போடுவார்கள். அவரும் போட்டார்.

"தேநீரைக் குடி. இதோட விட்டுடு" என்றார்.

விட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். டெஸ்மண்டின் குணம் அப்படி இல்லை. கேட்கிற காது இருக்கிறதோ இல்லையோ, ஊதுகிற சங்கை ஊதித்தான் தீருவார். அந்த அம்மாள் தன் பதிவு ஒன்றில், பக்கத்து ஊரான சவர்பி பிரிட்ஜில் கால்வாய் மதகுக்கு எதிர் வீடு என்று எழுதியிருந்தது அவருக்கு நினைவு வந்தது. காரில் போனால் கால் மணி நேரம்.

"வீட்டுக்கேவா போற?" என்றாள் லோர்னா அன்று ராத்திரி. "நல்லாவா இருக்கும்?"

"எழுத்துலதானே குழப்பம். நேர்ல போய் உடைச்சுச் சொல்லிட்டா புரிஞ்சிடும்."

"அவங்க உன்னைக் கூப்பிடலையே, கண்ணு."

"கிணத்துல விழப்போறவங்க கூப்பிடவா செய்வாங்க?"

சனிக்கிழமை காலை போனார். கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கையில் தோட்டத்து மண். டெஸ்மண்ட் பெயரைச் சொன்னதும் புருவம் உயர்ந்தது. ஆனாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். இஞ்சி கேக் ஒரு துண்டு வைத்தார்.

வேற்று நாட்டவர் ஆயிற்றே என்று டெஸ்மண்ட் ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, செவிடருக்குச் சொல்வது போல உரக்கப் பேசினார்.

"அம்மா. இந்த. வீடு. உங்களோடது."

"ஆமாம்" என்றார் அந்த அம்மாள்.

"படகு. ஓடலைன்னா. வீடு. போயிடும்."

"மிஸ்டர் சக்டன், நான் ஏற்கெனவே..."

"தெரியும். ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்க. அதனாலதான் ஓடி வந்தேன்."

அந்த அம்மாள் தன் கோப்பையிலும் தேநீர் ஊற்றிக்கொண்டார். டெஸ்மண்ட் அபராதம், வட்டி, இங்கே வருஷத்தில் வெயில் அடிக்கும் நாட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கைவிரல்களில் எண்ணிக் காட்டினார். பாதியில்தான் விதி ஞாபகம் வந்தது. கடனைப் பற்றிப் பேசும் ஆலோசகர் தனக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நேர்மையான மனிதர், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்புறம் ஒண்ணு. விதிப்படி சொல்லியாகணும். நான் யாருக்காவது கடன் வாங்கிக் குடுத்தா, வங்கி எனக்குக் கமிஷன் தருது."

"ஓ. அப்போ நான் உங்க மூலமா வாங்கணுமா?"

"இல்லவே இல்ல. நீங்க யார்கிட்டயும் வாங்கக் கூடாது."

"வாங்கலைன்னா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"ஒண்ணுமே கிடைக்காது?"

"ஒண்ணுமே கிடைக்காது."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியே காரைப் பார்த்தார், தட்டில் மிச்சம் இருந்த கேக்கைப் பார்த்தார்.

"சனிக்கிழமையும் அதுவுமா, பெட்ரோல் போட்டுக்கிட்டு, இதுக்காக மட்டுமா வந்தீங்க?"

"இதுக்காக மட்டும்தான். உங்க கால்ல விழுந்து வேணாலும் கேட்டுக்கறேன், வேண்டாம்."

"ரொம்பப் பெரிய மனசு" என்றார் அந்த அம்மாள். "நீங்க சொன்னதை மனசுல வெச்சுக்கறேன்."

டெஸ்மண்டுக்கு மலையை இறக்கி வைத்தது போல் இருந்தது. திரும்பும் வழியில் லோர்னாவுக்குப் பூங்கொத்து வாங்கினார்.

அந்த நிம்மதி கோடை வரைக்கும் தாங்கியது. ஜூலை மாதம் தொழில் கூட்டம் ஒன்றில், வேறோர் ஊரிலிருந்து வந்த தரகர் பெண்மணி ஒருத்தி சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். கால்வாயோரத்து விதவை ஒருவருக்கு வீட்டின் மேல் பெரிய கடன் முடித்துக் கொடுத்தாளாம், மருமகன் வெந்நீர்த் தொட்டிப் படகு விடுவதற்காக. "நான் எவ்வளவோ கேள்வி கேட்டேன், சார். அவங்க உறுதியா இருந்தாங்க" என்றாள்.

டெஸ்மண்ட் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து நேரே சவர்பி பிரிட்ஜுக்குப் போனார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் படகு கட்டியிருந்தது. நடுவில் வட்டமாக ஒரு பெரிய தொட்டி, ஆவி பறந்தது, உள்ளே ஒருவரும் இல்லை. மேல்சட்டை இல்லாமல், தலையில் மட்டும் கம்பளித் தொப்பியோடு ஓர் இளைஞன் தொட்டியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர் வீட்டுத் தோட்டத்தில் டனூட்டா அம்மாளைக் காணவில்லை.

"கிரெய்க் நீங்கதானே?"

"ஆமாண்ணே. குளிக்க வந்தீங்களா? எட்டுப் பேர் இடம், நீங்க ஒருத்தர் வந்தாலும் விடறோம்."

"நான் டெஸ்மண்ட் சக்டன்."

கிரெய்க் துணியைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணே, நீங்களா? உங்களை நேர்ல பார்த்து நன்றி சொல்லணும்னு எத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"அம்மா எங்க?"

"பேருந்து ஓட்டறாங்க. ஓய்வு வாங்கினவங்கதான், இப்ப தவணை கட்டணுமில்ல, மறுபடியும் வேலைக்குப் போறாங்க. இந்த மழை மட்டும் விட்டுச்சுன்னா ஆளுங்க வந்துடுவாங்க. வாரம் ஒரு கூட்டமாவது வருது."

டெஸ்மண்ட் அந்த வீட்டைப் பார்த்தார். ஜன்னல் திரை, கதவில் பித்தளை எண், பாத்தியில் வெங்காயத்தாள். அவர் தன் வாழ்நாளில் ஒரே ஒருவருக்காகத்தான் விதியை மீறினார், வேலையைப் பணயம் வைத்தார், சனிக்கிழமையைக் கொடுத்தார். எல்லாம் அந்த ஒரு வார்த்தை செய்த வினை என்று அவருக்குத் தோன்றியது.

"தப்பு என் மேலதான், தம்பி. 'துணிச்சலான முடிவு'ன்னு நான் பாட்டுக்கு எழுதிட்டேன். நம்ம ஊர்ப் பேச்சு தெரியாதவங்க. பாராட்டறேன்னு நினைச்சுட்டாங்க, பாவம்."

கிரெய்க் அவரை விநோதமாகப் பார்த்தான்.

"யாரு, எங்க அத்தையா? நாப்பது வருஷமா இங்க பேருந்து ஓட்டறவங்கண்ணே. அதைப் படிச்ச அன்னிக்கே 'பார்த்தியாடா, பைத்தியமான்னு கேக்கறார்'னு என் திட்டத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க, அப்புறம் நீங்க வீடு தேடி வந்து, ஒரு பைசா லாபமில்லாம வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சுனீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் ஒரு தரகர் இப்படி ஓடி வந்து தடுக்கறார்னா இதுல என்னவோ பெரிய லாபம் இருக்குன்னு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாங்க."