சுடுதண்ணி அண்ணனும் பூட்டி பேரும்

மதுரை ஜில்லாவிலேயே ஒரு நாளைக்கு எட்டுத் தடவை டீயை வேண்டாம் என்று சொல்லி, எட்டுத் தடவையும் பகையைச் சம்பாதித்து, அதற்காக ஒருநாளும் வருத்தப்படாத ஒரே ஆள் எங்கள் சுடுதண்ணி அண்ணன்தான். இல்லை என்பவர்கள் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பார்சல் ஆபீசில் நான் ஒன்பது வருஷம் குப்பை கொட்டினேன். லாரியில் ஏறும் சரக்குக்கு ரசீது எழுதும் வேலை. என் நாற்காலிக்கு இடது பக்கம் காதர் பாய். வலது பக்கம் காலியாக இருந்த நாற்காலிக்கு ஒருநாள் இவர் வந்து சேர்ந்தார். புதுசாக வருகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். மனுஷன் ஏழு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு கிளாஸ் சுடுதண்ணி வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். அன்றைக்கே பேர் வைத்தாகிவிட்டது.

"சுகராண்ணே?" என்றேன்.

"இல்லண்ணே."

"அல்சரா?"

"இல்ல."

"ஏதும் நேர்த்திக்கடனா?"

"அதெல்லாம் இல்லண்ணே. நான் மார்மன், அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை. எங்க சபையில டீ, காபி குடிக்கிறதில்ல."

சாராயம் கூடாது, சிகரெட் கூடாது என்கிற சாமிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். டீ கூடாது என்கிற சாமியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். காதர் பாய் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "சரக்கு கூடாது, பீடி கூடாது, அம்புட்டும் நமக்கும் உள்ளதுதான். இந்த டீ என்ன பாவம் பண்ணுச்சு மாப்ள?"

"அது ஒரு பாவமும் பண்ணல பாய். குடிக்கிறதில்ல, அம்புட்டுதேன்."

நான் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னேன். "ஏன்யா, வயித்துக்கு ஒத்துக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? ஊரே விட்டுரும்ல."

"ஒத்துக்கும்ணே. மாறுறதுக்கு முன்னாடி நாளைக்குப் பன்னெண்டு குடிப்பேன். நல்லாத்தான் ஒத்துக்கிச்சு."

இதுதான் அவர். ஒரு சின்னப் பொய்யில் முடிந்துபோகிற விஷயத்தை உண்மையைச் சொல்லி ஊர்வம்பாக்கி விடுவார்.

முதலாளியின் மச்சினன் ஒருவன் ஆபீசில் இருந்தான். போனில் வருவதையெல்லாம் வேதவாக்காக வாசிப்பான். அவன்தான் ஒரு மத்தியானம் கண்டுபிடித்தான். "அண்ணே, இவய்ங்களுக்கெல்லாம் நாலஞ்சு பொண்டாட்டியாம்ணே." அவ்வளவுதான். வேலை நின்றுபோனது. நாலு பொண்டாட்டிக்காரர் ஏன் ஒரே டிபன் பாக்சோடு வருகிறார் என்று பெரிய விவாதம் நடந்தது. முடிவில், வேவு பார்த்து வரச்சொல்லி அவர் வீடு இருந்த விளாங்குடிக்கு என்னை அனுப்பினார்கள். நானும் வெட்கமில்லாமல் போனேன்.

வாசலில் பெண்கள் செருப்பு மூன்று ஜோடி கிடந்தது. இரண்டு தடவை எண்ணினேன். உள்ளே போனால் ஒரு ஜோடி சம்சாரத்தினுடையது, ஒரு ஜோடி மகளுடையது, ஒரு ஜோடி மாமியாருடையது. நான் செருப்பை எண்ணியதை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "அதெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தியே எங்க சபையில நிறுத்தியாச்சுண்ணே" என்றார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "இருக்குற ஒருத்திக்கே தீபாவளி, கிறிஸ்துமஸ், எதுக்கும் ஒழுங்கா ஒரு சேலை எடுக்கத் தெரியாது. இவருக்கு நாலு கேக்குதாக்கும்" என்றது. வாரம் ஒருதரம் அவர் வீட்டுக்கு வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பேட்ஜோடு சபை ஊழியம் பார்க்கிற ராஜமுந்திரிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். தண்ணி சுத்தம் பண்ணுகிற மிஷின் கம்பெனி ஆட்கள் என்று நினைத்து, எதிர்வீட்டம்மா அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ரிப்பேரான மிஷினைக் காட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்திருக்கின்றன.

கோயிலுக்குப் போகிறவர்கள் அவரை வேதக்காரர் என்றார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், "ஐயையோ, அவங்க நம்ம ஆளுங்களே கிடையாது, அவங்க வச்சிருக்கிறது வேற புஸ்தகம்" என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாத மனுஷன் நடுவில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவருக்கு உண்மையான ஆபத்து வந்தது வேறு ஒரு பழக்கத்தால். பார்க்கிறவர்களிடமெல்லாம் தாத்தா பேரைக் கேட்பார். மல்லிகைக் கூடை அனுப்ப வந்தவர், "அனுப்புறது முருகன்" என்றால் இவர், "அப்பா பேரு? சரி, தாத்தா பேரு? எந்த ஊரு?" என்பார். எங்கள் பக்கத்தில் தாத்தா பேரைக் கேட்டால் அது பேரைக் கேட்கிற கேள்வி இல்லை. நீ எந்த ஆளு, என்ன சாதி என்று கேட்கிற கேள்வி. எத்தனையோ பேர் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தர் அடிக்கவே வந்தார். நான்தான் குறுக்கே விழுந்து, "அவருக்கு அப்படி ஒரு வியாதிண்ணே" என்று சமாளித்தேன். சுடுதண்ணி எட்டிப் பார்த்து, "வியாதியெல்லாம் இல்லண்ணே" என்றார்.

"எதுக்குய்யா இந்த வேலை?" என்று கத்தினேன்.

அன்றைக்குத்தான் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேஜையில் விரித்தார். கட்டம் கட்டமாகப் போட்டு வம்சவழி எழுதியிருந்தது. அவர், அப்பா, அம்மா, தாத்தா, அப்பத்தா, பூட்டன் எல்லாம் இருந்தார்கள். தாத்தாவைப் பெற்றவள், அதாவது பூட்டி, அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. முன்னோர் பேரைத் தேடி எழுதுவது அவர்கள் சபையில் பெரிய கடமையாம். ஊரார் பேரைக் கேட்டது பழக்கதோஷம், தேடியது இந்த ஒரு பேரைத்தான்.

"தாசில்தார் ஆபீசுல கேக்க வேண்டியதுதானே?"

"மேலூர்ப் பக்கம் அடுத்தவன் வயல்ல நாத்து நட்டவங்கண்ணே. பட்டா இருந்தாத்தான் பேரு இருக்கும். பள்ளிக்கூடம் போயிருந்தா பேரு இருக்கும். ஒரு குழி நிலமில்லாத பொம்பளைக்கு எங்குட்டுப் போயி பேரைத் தேட?"

நான் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன். மச்சினன் விடவில்லை. செத்துப்போன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வதும் அவர்கள் சபையில் உண்டு என்று அவன் போன் சொல்லிவிட்டது. "பாத்தியாண்ணே, உசுரோட இருக்குறவன மாத்துறது பத்தாதுன்னு செத்தவன வேற மாத்துறாய்ங்க" என்று குதித்தான். சுடுதண்ணி நிதானமாக, "நாம கதவத் தட்டலாம் தம்பி, அம்புட்டுதேன். வாரதும் வராததும் அவங்க இஷ்டம்" என்றார்.

நாலு வருஷம் தேடினார் ஐயா. லீவு நாளெல்லாம் அந்த ஊர்ப் பக்கம் போய்க் கிழடுகட்டைகளை விசாரித்தார். நிலமோசடிக் கும்பல் என்று ஒருதரம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மதம் மாற்ற வந்தவன் என்று ஒருதரம் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நடந்து திரும்பி வந்தவர், அடுத்த சனிக்கிழமை சைக்கிளைக் கேட்டு வாங்கப் போய், அங்கேயும் இரண்டு பேரிடம் பூட்டி பேரை விசாரித்துவிட்டு வந்தார்.

அப்புறம் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் நான் என் வீட்டுப் புலம்பலை எடுத்துவிட்டேன். என் மூத்த மகளுக்கு எங்கம்மா பேரைத்தான் வைத்திருக்கிறது. சாதாரண நாளில் 'பாப்பா' என்று கூப்பிடுகிற என் சம்சாரம், திட்டும்போது மட்டும் முழுப் பேரையும் சொல்லித் திட்டும். பக்கத்து அறையில் எங்கம்மா காதில் விழவேண்டும் என்றுதான். "அந்தக் காலத்துல மாமியா பேரச் சொல்லவே பயப்படுவாளுக. அந்தப் பேர மகளுக்கு வச்சாலும் வேற பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாளுக. இப்ப பாருங்க பாய்" என்று காதர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுடுதண்ணி பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். "மூத்த பொண்ணுக்கு அப்பத்தா பேரா?"

"பின்ன? வழக்கம்தானேய்யா."

"எங்க தாத்தாவுக்கு மூத்த பொண்ணு எங்க அத்தைண்ணே. அவனியாபுரத்துல இருக்காங்க. அவங்கள எல்லாரும் பெரியபுள்ளன்னுதான் கூப்பிடுவாங்க. ஆதார் கார்டுலகூட பெரியபுள்ளதான்." கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். "அத்தைக்கு வச்சது பூட்டி பேராத்தான் இருக்கும். எங்க அப்பத்தா மாமியா பேரச் சொல்லக் கூடாதுன்னுதேன் பெரியபுள்ளன்னு கூப்பிட்டிருக்கு."

"அப்ப நேராப் போயிக் கேக்க வேண்டியதுதானே?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். "அத்தை என்கூடப் பேசிப் பதினோரு வருஷமாச்சுண்ணே."

சபையில் சேர்ந்த புதிதில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். அத்தை டீ கொடுத்திருக்கிறது. இவர் வேண்டாம் என்றிருக்கிறார். அன்றைக்கு மூடிய கதவுதான்.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அவர் கூப்பிடவில்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டோவில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். "அத்தை டீ குடுத்தா ஒரு மடக்குக் குடிச்சிருய்யா. நாலு வருஷமாத் தேடுற பேரு. உங்க சாமி கண்டுக்காது." அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தைக்கு எண்பதை ஒட்டிய வயசு. கட்டிலில் உட்கார்ந்திருந்தது. இவரைப் பார்த்ததும் என்னிடம் திரும்பி, "யாரு தம்பி இது?" என்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். கிழவி உள்ளே போய், இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தது. ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை அது சுட்டிக்காட்டியது.

"அதக் குடிக்கச் சொல்லு. பேரச் சொல்றேன்."

"டீ மட்டும் வேணாத்தே."

"ஏன், எங்க கையி அழுக்கா இருக்கா?" என்று அத்தை என்னிடமே கேட்டது. குரல் உயரவே இல்லை. "ஊர்க்காரய்ங்க வீட்டு வாசல்ல நின்னு கையேந்தித் தண்ணி குடிச்சவ நானு. நாம தொட்டுக் குடுத்தா எவனும் வாங்க மாட்டான். அந்தக் காலத்தையும் பாத்துட்டேன். என் தம்பி மகன், என் வீட்டுக்குள்ள உக்காந்து, நான் குடுத்தத வேணாங்குறான். இவன் சாமி அந்த ஊர்க்காரய்ங்க சாமிதானே?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். குடித்துத் தொலையேன்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன். சுடுதண்ணி எழுந்தார். போச்சு, கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் வாசலுக்குப் போகவில்லை, நேரே அடுப்படிக்குள் போனார். பழைய சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தை காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"அத்தே, டீ எங்க சபையில யாரு குடுத்தாலும் குடிக்க மாட்டோம். எங்க முதலாளி குடுத்தாலும் மாட்டேன், கலெக்டர் குடுத்தாலும் மாட்டேன். உங்க கையால இதப் பிசஞ்சு குடுங்க. இந்தப் பானை காலியாகுற வரைக்கும் திங்கிறேன்."

 கிழவி குனிந்து பானைக்குள் கையை விட்டுப் பிசைந்தது. முதல் உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தது. அவர் தின்றார். அது வீட்டில் நாலு பேருக்கு வைத்திருந்த சோறு. வெங்காயம் தீர்ந்து, ஊறுகாய் தீர்ந்து, மோர்மிளகாயும் தீர்ந்த பிறகும் அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பானையைச் சாய்த்து அடியில் நின்ற நீச்சத்தண்ணியையும் குடித்தார். காலையில் வீட்டில் பத்து இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"போதும்டா, வயிறு வெடிச்சுரும்" என்றது அத்தை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"பேரு, அத்தே."

"செத்தவங்கள மாத்துறீகளாமே?"

"வேணாம்னா வேணாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்குத்தே."

கிழவிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க அப்பத்தா எதையும் வேணாம்னு சொன்னதில்லடா. வேணுமான்னு அவகிட்ட எவன் கேட்டான்? மொத தடவையா நீயாச்சும் கேளு." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டது. "ராக்காயி."

அவர் தாளை விரித்து எழுதினார். ஆயிரக்கணக்கில் ரசீது எழுதிய கை, நாலு எழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு வச்ச பேரும் அதுதானேத்தே?"

"வச்ச பேரு அதுதான். யாரு கூப்பிட்டா? பெத்தவளே கூப்பிட்டதில்ல."

"ராக்காயி அத்தே" என்றார் சுடுதண்ணி.

கிழவி கட்டிலில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது. அப்புறம், "இன்னொரு தடவ சொல்லு" என்றது.

அவர் சொன்னார். ஆட்டோக்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், அவர் மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதற்கு முன்னாலும் பிடித்துத்தான் இருந்தது, நான்தான் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை.