பதினொரு பொன்னாடையும் பாடாத பாட்டும்

ஒரு கலைஞரை வாய் திறக்கவிடாமல் செய்ய வேண்டுமென்றால் அவருக்குப் பகைவர்கள் தேவையில்லை. நாலு ரசிகர்கள் சேர்ந்து ஒரு பாராட்டு விழா வைத்தால் போதும். இது நான் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை. (கண்டறிந்தபோது மைக் என் கையில்தான் இருந்தது.)

டிரம்ஸ் அருளப்பு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்துத் தேவாலயத் திருவிழாக்களில் அவருடைய குழு வருகிறது என்றால் ஊரில் சைக்கிள் மிஞ்சாது. மற்றக் குழுக்களில் பாடுகிறவர் முன்னால் நின்று தலைமுடியைக் கோதுவார். இங்கே முன்னால் நிற்பவர்கள் பேசாமல் கிட்டார் வாசிக்க, பின்னால் டிரம்ஸுக்குள் பாதி புதைந்திருந்து அருளப்புதான் பாடுவார். ஊர்ப் பறையின் அடியும் வெள்ளைக்காரனின் ராக் அடியும் அவர் கையில் சம்பந்திகள் மாதிரிச் சேர்ந்துகொள்ளும். குரலில் கொஞ்சம் கரகரப்பு. அந்தக் கரகரப்புக்காக நான் சோதனையில் இரண்டு பாடம் கோட்டைவிட்டிருக்கிறேன்.

அவருடைய பாட்டுகளில் ஒன்று மட்டும் இசைத்தட்டில் வரவே இல்லை. பஸ் தரிப்பிடத்தில் ஒருத்திக்காகக் காத்திருப்பவனின் பாட்டு. ஆறு மணி பஸ் வருகிறது, அவள் வரவில்லை. ஏழு மணி பஸ் வருகிறது, அவள் வரவில்லை. ஒரு திருவிழா இரவில் 'எட்டு மணி பஸ்ஸும் வந்தது' என்று அவர் இழுக்க, பின்னாலிருந்து அப்பா என் காதைப் பிடித்தார்.

"கடைசி பஸ் போகப்போகுது. நட!"

அப்போது எனக்குப் பதினேழு வயது. அந்த எட்டு மணி பஸ்ஸில் அவள் வந்தாளா இல்லையா என்று தெரியாமலே வளர்ந்தேன், நாடு விட்டேன், கனடாவில் மொன்றியலுக்கு வந்தேன், கல்யாணம் கட்டினேன். பாட்டைக் கேட்ட யாராவது அகப்படுவார்களா என்று வருகிற போகிறவர்களையெல்லாம் விசாரித்திருக்கிறேன். பாட்டு ஞாபகம் இருந்தவர்களுக்கு முடிவு ஞாபகம் இல்லை. பனி கொட்டும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த வரி வந்துவிடும். சிரிக்காதீர்கள், சில நாட்களில் கண்ணும் கலங்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கோடையில் செய்தி வந்தது. ஜெர்மனியில் இருக்கும் அருளப்பு, மொன்றியலில் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் வசிக்கும் தன் தங்கையைப் பார்க்க ஒரு வாரம் வருகிறார். ஒரே இரவில் ரசிகர் வட்டம் ஒன்றை அமைத்தோம். செயலாளர் நான். செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தை ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் எடுத்தோம். டவுன்டவுன் உணவகத்தில் என்னோடு வேலை செய்த மார்க் என்ற கியூபெக்காரன், வார இறுதிகளில் பார்களில் டிரம்ஸ் அடிப்பவன், தன் டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து மேடையில் பூட்டித் தந்தான். எல்லாம் சரி.

நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தது நான். அங்கேதான் சனி பிடித்தது. விளக்கேற்ற ஒருவர், வரவேற்க ஒருவர், ஆசியுரைக்குப் பாதிரியார், தலைமையுரை ஒன்று என்று தொடங்கினேன். றோல்ஸ் பொரித்துத் தருபவரை மேடையேற்றாவிட்டால் றோல்ஸ் வராது. மண்டபம் பிடித்துத் தந்தவரை ஏற்றினால், அவரோடு கதை பேச்சில்லாத மைத்துனரையும் ஏற்ற வேண்டும். இப்படியே வாழ்த்துரைகள் ஏழாகின. கடைசிக்கு முன்னால் 'ரசிகர் உரை: ஐந்து நிமிடம்' என்று என் பெயரையும் போட்டுக்கொண்டேன். அதற்குக் கீழே 'கலைஞர் பாடுவார்.'

என் மனைவி திருகோணமலைக்காரி. அருளப்புவைக் கேள்விப்பட்டதே இல்லை. நிரலை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனை முதல் பாட விட்டிட்டுப் பேந்து பேசினால் என்ன?"

"உமக்கு விழா நடைமுறை தெரியாது" என்றேன். இந்த வசனத்தை அவள் இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

அருளப்பு வந்தார். தலைமுடி வெள்ளை, உடம்பு மெலிவு, ஆனால் மணிக்கட்டு அதே மணிக்கட்டு. மேடையில் நடுக்கதிரையில் இருத்தினோம். போரில் இறந்தவர்களுக்கான அகவணக்கத்துக்கு எழுந்து நின்றோம்; அன்று நாங்கள் எல்லோரும் ஒன்றாக வாய் மூடியிருந்தது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு பேச்சுகள் தொடங்கின. பேசுகிற ஒவ்வொருவரும் முடிவில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். ஜூலை மாதம். மண்டபத்தில் இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று சும்மா நின்றது. ஆறாவது பொன்னாடையோடு அவர் என்னைக் கையால் கூப்பிட்டார்.

"தம்பி, இதுகளைக் கழட்டினால் பிழையோ? கை தூக்கேலாமக் கிடக்கு."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. போர்த்தின ஆக்கள் எல்லாரும் முன் வரிசையிலைதான் இருக்கினம்."

பாவம், பொறுத்தார். ஆனால் அவருடைய வலது கால் மட்டும் பொறுக்கவில்லை. பேசுகிறவரின் வேகத்துக்கு ஏற்ப மேடைப் பலகையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. பின்னால் டிரம்ஸ் சும்மா கிடந்தது. மார்க் என் காதில் கேட்டான், இவர் ஏதாவது தேர்தலில் நிற்கிறாரா என்று. இல்லை, இவர் டிரம்ஸ் அடிப்பவர் என்றேன். எப்போது என்று கேட்டான்.

என் முறை வந்தபோது மணி நாலேகால். ஐந்து நிமிடம் பேசி இறங்கியிருந்தால் நாற்பது நிமிடப் பாட்டு எங்களுக்குக் கிடைத்திருக்கும். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். ஆனால் இருபத்தைந்து வருட ஏக்கம் ஐந்து நிமிடத்தில் அடங்குமா? சங்க காலத்து முரசிலிருந்து தொடங்கினேன். முரசிலிருந்து பறைக்கு வந்து, பறையிலிருந்து டிரம்ஸுக்கு வரவே பதினைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு நான் பதினேழு வயதில் போட்டிருந்த சட்டையின் நிறம், அதன் காலர், அன்று அம்மா கட்டித் தந்த இடியப்பம். மனைவி முன் வரிசையிலிருந்து மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அருளப்புவின் கால் எந்த இடத்தில் தட்டுவதை நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால்தானே?

"அந்தப் பாட்டை இன்று அண்ணை எங்களுக்காகப் பாடுவார்!" என்று நான் முழங்கி, பதினோராவது பொன்னாடையைப் போர்த்தியபோது, கதவைத் திறந்துகொண்டு ஒரு மூன்றடுக்குக் கேக் உள்ளே வந்தது. பின்னால் வெள்ளை உடுப்பில் ஒரு ஹெய்ட்டிக் குடும்பம், கையில் குழந்தை. ஐந்து மணிக்கு அவர்களுடைய ஞானஸ்நான விருந்து. மண்டபக் காவலர் சுவர் மணிக்கூட்டைக் காட்டிவிட்டுக் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார். நான் கெஞ்சினேன். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு. அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கின் வயரைக் கழற்றினார். மார்க் டிரம்ஸை வேனில் ஏற்றினான். அதன் மேல் ஒரு அடிகூட விழவில்லை.

அருளப்புவை வீட்டில் இறக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். முன் சீட்டில் அவர். பின்னால் மனைவியும் மகளும் பொன்னாடைக் குவியலும். வெயில் இன்னும் எறித்துக்கொண்டிருந்தது. வழியெங்கும் வீதி வேலை, வாகனங்கள் நகரவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது அவரே டாஷ்போர்டில் இரண்டு விரலால் தட்டினார்.

"தம்பி, நீர் சொன்னது பஸ் பாட்டைத்தானே? கனகாலம் பாடேல்லை. வருதோ பாப்பம்."

பாடினார். மைக் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, விரலால் அடித்துக்கொண்டு. அதே கரகரப்பு. ஆறு மணி பஸ் வந்தது, நீ வரேல்லை. ஏழு மணி பஸ் வந்தது, நீ வரேல்லை. 'எட்டு மணி பஸ்ஸும் வந்தது' என்று இழுத்தார்.

"அண்ணை! இந்த இடம்தான்! இந்த இடத்திலைதான் அப்பா வந்து என்ர காதைப் பிடிச்சவர்!"

கத்தியது நான்தான். கத்தியதோடு நின்றேனா? எந்தக் காது, எந்தக் கை, வீடு வரும்வரை அப்பா திட்டியது என்று முழுக்கதையும் சொன்னேன். அவருடைய இரண்டு விரலும் டாஷ்போர்டில் அப்படியே நின்றுவிட்டன. சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நான் கதையை முடித்தபோது கார் அவருடைய தங்கை வீட்டு வாசலில் நின்றது.

"சந்தோசம் தம்பி. மிச்சத்தைப் பேந்து பாடுவம்" என்று இறங்கிப் போனார். மறுநாள் விமானம்.

அந்தப் பேந்து வரவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து அவருடைய தங்கை போனில் அழுதுகொண்டு அவர் இறந்துபோன செய்தியைச் சொன்னார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால் மகள் சொல்வாள், "அப்பா, பஸ் வந்திட்டுது." அவளுடைய கல்யாணத்தில் நான் பேச எழும்பியபோது மண்டபம் முழுவதும் அதையே சொன்னது. இரண்டு வசனத்தோடு இருந்துவிட்டேன். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மனைவி மட்டும் கை தட்டாமல், "இதை அண்டைக்குச் செய்திருக்கலாம்" என்றாள்.

அவள் சில நாட்களில் வெங்காயம் அரிந்துகொண்டு அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். ஒரே ஒரு முறை, பின் சீட்டில் இருந்து கேட்டது. அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். ஆறு மணி பஸ், ஏழு மணி பஸ். நான் சமையலறை வாசலில் சத்தமில்லாமல் நின்று கேட்பேன். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வேன். எட்டு மணி பஸ்ஸும் வந்தது என்று இழுத்து, அந்த இடத்தில் அவள் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.