நாலு அங்குலம் உயர்ந்த வான்

எண்பத்தேழாம் ஆண்டு வைகாசி மாசம், பல் தீட்டிக்கொண்டு நிக்கேக்கை நான் ஒரு சபதம் எடுத்தன். இந்த விக்டோரியா டே லீவுக்கு என்ரை வானில ரெண்டே ரெண்டு பேர்தான் போறது. ஒண்டு நான். மற்றது என்ரை மனுசி புனிதவதி.

இதில என்ன சபதம் எண்டு கேப்பியள். உங்களுக்கு எங்கட வானைத் தெரியாது.

அது ஒரு காம்பர் வான். உள்ளுக்கை கட்டில், அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி, கூரையில காத்துப் போக ஒரு மூடி. ஒரு வெள்ளைக்காரக் கிழவரிட்டை வாங்கினது. அவரும் மனுசியும் அதில கனடா முழுக்கச் சுத்தினவையாம். சாவியைக் கையில தரேக்கை, "ஏரிக்கரையில நிப்பாட்டு, பின் கதவைத் திற, ரெண்டு பேருமா இருந்து தேத்தண்ணி குடி" எண்டார். அண்டைக்கே எனக்கு அந்த ஆசை பிடிச்சிட்டுது. கலியாணம் முடிச்ச நாளில இருந்து நானும் புனிதமும் தனிய இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சதில்லை. ஊரில கூட்டுக் குடும்பம். இஞ்ச ஸ்காபரோவில ரெண்டு அறை அப்பார்ட்மென்ற். எங்கட சோபாவில எப்பவும் ஆரோ ஒரு சொந்தக்காரன் போன மாசம் பிளேனால இறங்கிப் படுத்திருப்பான்.

நான் வான் வாங்கின கதை கட்டிடம் முழுக்கப் பரவ அரை நாள் போகேல்லை. அதுக்குப் பிறகு அது வான் இல்லை, பஸ். வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பெரிசான சாமத்திய வீடு. எயார்போட்டில வந்து இறங்கிறது ஒராள், கூட்டிவரப் போறது ஒரு கிராமம். கட்டில் முழுக்க ஆக்கள், அடுப்புக்கு மேல ஒரு குழந்தை. எட்டாம் மாடித் தெய்வநாயகி மாமிக்கு முன் சீற் நிரந்தரம். அவ ஆருக்கு மாமி எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. என்ரை மனுசி பின்னால, சாப்பாட்டுச் சம்படங்களுக்கு நடுவில. கண்ணாடியில பாத்தால்தான் அவவும் வந்திருக்கிறா எண்டு தெரியும்.

வாயைத் திறந்து சொல்லலாம்தானே எண்டு கேப்பியள். ஆர் சொல்லுறது? "நீரும் நானும் மட்டும் போவம்" எண்டு மனுசியிட்டைச் சொல்ல எனக்கு வெக்கம். எட்டு வருசமாச் சொல்லாததை இனி எந்த முகத்தோட சொல்லுறது? மற்றவையிட்டை "வராதையுங்கோ" எண்டு சொல்லப் பயம். வெக்கமும் பயமும் சேர்ந்தால் மனிசனுக்கு மூளை வேலை செய்யத் தொடங்கும். எனக்குப் பிழைச்சது அதிலதான்.

பக்கத்து வீட்டுச் சீமோன் மெக்கானிக். அவனிட்டைப் போனன்.

"சீமோன், வானை உயர்த்தேலுமே?"

"எதுக்கண்ணை?"

"வடக்குப் பக்கம் றோட்டு சரியில்லையாம்."

"எவ்வளவு உயர்த்த?"

"ஒரு மாமி ஏறேலாத அளவுக்கு."

சீமோன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். பிறகு விளங்கப்படுத்தினான். வில்லுத் தகடுகளைக் கூட்டி சஸ்பென்சனைத் தூக்கி, பெரிய ரயர் நாலு பூட்டினால் வான் நாலு அங்குலம் எழும்பும். சீலை உடுத்தின ஒருத்தரும் கிட்டவும் வரமாட்டினம். தான் வேலை செய்யிற கராஜ் ஞாயிற்றுக்கிழமை பூட்டு, அங்க கொண்டுபோய்ச் செய்வம் எண்டான்.

"வேரோனிக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை" எண்டன். வேரோனிக்கா அவன்ரை மனுசி. என்ரை மனுசிக்கு உயிர்ச் சிநேகிதி.

"சீச்சீ! நான் சொல்லுவனே?"

அடுத்தது புனிதம். சண்டைக்குத் தயாராத்தான் குசினிக்குள்ள போனன். அவ வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டா.

"இஞ்சேரும், வானைக் கொஞ்சம் உயர்த்தப் போறன்."

"ஏன்?"

"றோட்டெல்லாம் பள்ளம்."

"எந்த றோட்டு?"

"எல்லா றோட்டும்தான்."

வெண்டிக்காய் வெட்டின கை நிக்கேல்லை. "செய்யுங்கோவன்" எண்டா.

எனக்குத் திக்கெண்டுது. எட்டு வருசத்தில நான் சொன்ன ஒண்டுக்கும் அவ முதல் தரத்திலயே ஓம் எண்டதில்லை. அந்த இடத்தில நான் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கோணும். யோசிக்கேல்லை. சந்தோசத்தில ரெண்டு வெண்டிக்காயைப் பச்சையாத் திண்டன்.

"ஆனா நாள் பாத்துத்தான் வாகனத்தில கை வைக்கோணும்" எண்டா.

ஊரில இருந்து தபாலில வாற பஞ்சாங்கம் எங்கட வீட்டில மட்டும்தான் இருக்கு. யாழ்ப்பாணத்து நேரத்தை ரொறன்ரோ நேரமா மாத்துறதில எங்கட கட்டிடத்துக்கே புனிதம்தான் சுப்ரீம் கோடு. அவ தீர்ப்புச் சொன்னால் அப்பீல் இல்லை. விரலை மடக்கி எண்ணினா. பக்கம் பிரட்டினா.

"ஞாயிறு காலமை நல்ல நேரம் கிடக்கு. ஆனா வேலை துவங்கேக்கை வாகனம் நிண்ட இடத்தை விட்டு அசையக் கூடாது. எங்கட இடத்தில கிழக்கை பாத்துத்தானே நிக்குது? அங்கயே வைச்சுச் செய்யுங்கோ."

"நிலத்துக்குக் கீழ, பார்க்கிங்கிலயோ?"

"ஏன், அங்க வெளிச்சமில்லையே?"

வெளிச்சம் இருந்தது. என்ரை மண்டைக்குள்ளதான் இல்லை.

ஞாயிறு விடியச் சீமோன் பூசைக்கும் போகாமல் ஜாக்கும் சாவியளும் கொண்டு வந்தான். பின்னேரம் வான் எழும்பி நிண்ட வடிவை நீங்கள் பாத்திருக்கோணும்! பக்கத்தில நிண்ட காரெல்லாம் சின்னப் பிள்ளையள் மாதிரிக் கிடந்துது. புனிதம் கீழ வந்து நாலு ரயருக்கும் முன்னால தேசிக்காய் வைச்சா. நான் ஏறி இருந்து வானை ஒரு முழம் உருட்டினன். தேசிக்காய் நசிஞ்சதே தெரியேல்லை, அப்பிடி ரயர். பழைய ரயர்களைச் சீமோன் அண்டைக்கே மோர்னிங்சைட்டில ஒருத்தருக்குக் குடுத்திட்டான்.

புதன்கிழமை தெய்வநாயகி மாமி உடுப்புத் தோய்க்கக் கீழ வந்தவ வானைக் கண்டிட்டா. ஒரு காலைத் தூக்கிப் பாத்தா. மற்றக் காலைத் தூக்கிப் பாத்தா.

"தம்பி, உது வானோ, மேல்மாடி வீடோ?"

"சஸ்பென்சன் மாத்தினது மாமி. இனி ரெண்டு பேருக்கு மேல ஏறக்கூடாதாம்."

"அப்ப வெள்ளிக்கிழமை கோயில்?"

"பஸ்ஸில போங்கோவன் மாமி."

மாமி தோய்ச்ச உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மெதுவா லிப்ற்றுக்கு நடந்தா. கோயிலுக்கு மூண்டு பஸ் மாறோணும். அவவின்ரை முழங்கால் எப்பிடி எண்டும் எனக்குத் தெரியும். பாவம் எண்டு நெஞ்சுக்குள்ள ஒரு குத்து. ஆனா ஏரிக்கரைத் தேத்தண்ணியை நினைச்சன், குத்தை விழுங்கிப்போட்டன். இண்டைக்கும் அது எனக்குச் செமிக்கேல்லை.

சனிக்கிழமை வந்தது. வானை வாசலுக்குக் கொண்டுவந்து நிப்பாட்டி, புனிதத்தைக் கூப்பிட்டு ஏத்தி, எங்க போறம் எண்டு சொல்லாமலே போறதுதான் திட்டம். கட்டிலுக்குக் கீழ புதுசா ரெண்டு மடக்குக் கதிரை ஒளிச்சு வைச்சிருந்தன். விசிலடிச்சுக்கொண்டு வானை எடுத்தன்.

பார்க்கிங்காலை வெளிய போற கதவுக்கு முன்னால ஒரு மஞ்சள் குழாய் சங்கிலியில தொங்கும். அதில முட்டுற வாகனம் கதவால போகாது. முந்தி என்ரை வான் ஒரு விரல் இடைவெளியில அதுக்குக் கீழால போய் வாறது.

டங்!

விசில் நிண்டுது. இறங்கி அண்ணாந்து பாத்தன். குழாய் ஆடிக்கொண்டு நிண்டுது. ஐயோ! உள்ளுக்கை வைச்சு உயர்த்தின வான் இனி எப்பிடியடா வெளிய போகும்? பின்னால லீவுக்குப் போற கார்க்காரர் எல்லாரும் ஹோண் அடிக்கத் தொடங்கிட்டினம். வானை அங்கயே விட்டிட்டுச் சீமோனிட்டை ஓடினன்.

சீமோன் வந்து ரயர்களில பாதிக் காத்தைத் திறந்துவிட்டான். ரெண்டு அங்குலம் இறங்கிச்சுது.

"இன்னும் ரெண்டு வேணும் அண்ணை. பாரம் ஏத்தினால் பதியும்."

"என்ன பாரம்?"

"ஆக்களை ஏத்துறதுதான் லேசு. ஒரு பத்துப் பதினொரு பேர்."

"பதினொரு பேருக்கு நான் எங்கயடா போறது?"

சீமோன் என்ரை முகத்தைப் பாக்காமல், "மேல, வாசல் மண்டபத்தில ஆரும் நிப்பினம், பாருங்கோவன்" எண்டான்.

மேல போனன். நிண்டினம். நிக்கேல்லை, வரிசையா இருந்தினம். பட்டுச் சீலை, பூ, பிளாஸ்க், சம்படம், சுருட்டின பாய். நடுவில தெய்வநாயகி மாமி. பக்கத்தில வேரோனிக்காவும் மூண்டாம் மாடிச் சந்திரவதனாவும் அவவின்ரை பிள்ளையளும். புனிதம் புட்டுச் சட்டியோட ஒரு ஓரத்தில.

"மாமி, ஒருக்கா வானில ஏறுவியளே?"

"ஐயோ தம்பி, எனக்கு முழங்கால்."

"நான் தூக்கி ஏத்துறன் மாமி."

"ரெண்டு பேருக்கு மேல ஏறக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"இப்ப ரெண்டு பேர் ஏறினால்தான் மாமி கூடாது!"

"ஏறினால் எங்க போறம்?"

"இந்த வாசல் மட்டும்தான்."

"வாசல் மட்டும் போகவோ நான் பட்டு உடுத்தனான்?"

நான் புனிதத்தைப் பாத்தன். அவ புட்டுச் சட்டியைப் பாத்தா. மேலயும் ஹோண் சத்தம் கேட்டுது.

"ஏரிக்கு மாமி" எண்டன். எனக்கே என்ரை குரல் கேக்கேல்லை.

எல்லாரும் கீழ இறங்கினம். இவையள் எப்பிடி ஏறப் போகினம் எண்டு நான் பாத்துக்கொண்டு நிக்க, புனிதம் சாமான் அறையைத் திறந்து ஒரு மரப்படியை இழுத்துக்கொண்டு வந்தா. மூண்டு தட்டு. கைபிடி வைச்சது. வானின்ரை அதே மஞ்சள் நிறப் பெயின்ற். தொட்டுப் பாத்தன். நல்லாக் காய்ஞ்சு கிடந்துது.

சீமோனைத் திரும்பிப் பாத்தன். அவன் கூரையைப் பாத்தான்.

"அண்ணை, நான் வேரோனிக்காவுக்கு மட்டும்தான் சொன்னனான்."

"படி ஆர் செய்தது?"

"நான்தான். வேலை துவங்க முன்னமே புனிதம் அக்கா கேட்டவ. எத்தினை பேர் ஏறினால் எவ்வளவு பதியும் எண்டும் கேட்டவ."

மாமி படியில ராசாத்தி மாதிரி ஏறி முன் சீற்றில இருந்தா. பின்னால ஒவ்வொருத்தரா ஏற, வான் முனகி முனகிப் பதிஞ்சுது. நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல உருட்டினன். குழாய் கூரை மூடியைத் தடவினது கேட்டுது, அவ்வளவுதான். வெளிய வெயில். "அரோகரா!" எண்டு மாமி கத்தினா. ரயருக்குக் காத்தடிச்சுப்போட்டு நான் பஸ் ஓட்டத் தொடங்கினன். என்ரை மனுசி திரும்பவும் கண்ணாடிக்குள்ள.

ஏரி நல்ல வடிவு. அதை நான் சொல்லத்தான் வேணும். ஆனா வானுக்குள்ள புட்டு, கட்டிலில மாமி நித்திரை, தண்ணிக்குள்ள பிள்ளையளின்ரை சத்தம். நான் ஒரு கல்லில போய்த் தனிய இருந்தன். அழுகை வராத குறை.

புனிதம் ரெண்டு கோப்பை தேத்தண்ணியோட வந்து பக்கத்தில இருந்தா.

"என்ன, முகம் இருண்டு கிடக்கு?"

"வெண்டிக்காய் வெட்டேக்கையே உமக்கு எல்லாம் தெரியும், என்ன?"

"தெரியும். என்ரை ஆக்களைக் கழட்டி விட்டிட்டு நீங்களும் ஆரோ ஒரு சிநேகிதனும் மீன் பிடிக்க ஓடப் போறியள் எண்டு தெரியும். ரெண்டு கதிரை ஒளிச்சு வைச்சிருந்ததையும் கண்டனான்."

"சிநேகிதனோ? அந்தக் கதிரை ஒண்டு எனக்கு. மற்றது உமக்கு."

புனிதம் கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவ, அப்பிடியே நிப்பாட்டினா.

"எனக்கோ?"

"ஓம்."

"என்னோட இருந்து தேத்தண்ணி குடிக்கவோ இவ்வளவும் செய்தனீங்கள்?"

"ஓம்."

கோப்பையில ஒரு வாய் குடிச்சா. பிறகு மெல்லச் சொன்னா: "வாயைத் திறந்து ஒருக்காச் சொல்லியிருந்தால், மாமியை நானே மறிச்சிருப்பனே அப்பா."

 ஒரே ஒரு வசனம். அதைச் சொல்ல வக்கில்லாமல் ஒரு வானையே தூக்கினன் நான். எட்டு வருசத்தை நினைச்சன். எத்தினை ஏரி, எத்தினை தேத்தண்ணி!

"அப்ப அடுத்த கிழமை நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் வருவமே?" எண்டன். ஒருமாதிரிச் சொல்லிப்போட்டன்.

"வருவம். ஆனா வானை வெளியால எடுக்க ஆக்கள் வேணுமே?"

"வெளியால எடுத்திட்டு இறக்கி விடுவம்."

"பட்டு உடுத்து வந்த சனத்தை வாசலில இறக்கி விட்டிட்டுப் போறதோ? மனிசர் செய்யிற வேலையே? திரும்ப உள்ளுக்கை விடவும் அவையள்தானே வேணும்."

அதுவும் சரிதான். வெளியில நிப்பாட்ட எங்கட கட்டிடத்தில இடமும் இல்லை.

"அப்ப நாளைக்கே சீமோனைக் கொண்டு கழட்டுவிக்கிறன். வான் பழையபடி இருக்கட்டும்."

"நாள் பாக்காமலோ?" புனிதம் கோப்பையைக் கீழ வைச்சா. கைப்பையைத் திறந்தா. உள்ளுக்கை பஞ்சாங்கம். அதைக் கொண்டு ஏரிக்கும் வந்திருக்கிறா. விரலைத் தொட்டுத் தொட்டுப் பிரட்டினா. "ஆனியில உங்கட ராசிக்குச் சரியில்லை. ஆடி கூடவே கூடாது. ஆவணி, புரட்டாசி... ம்ஹும். மார்கழியில வாகனம் தொடப்படாது." கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட விரல் நிண்டுது. "தை பிறந்தாப் பிறகு ஒரு நல்ல நாள் கிடக்கு."

"தையில இந்த ஏரி உறைஞ்சு கல்லாக் கிடக்குமப்பா!"

"அதுவும் நல்லதுதான்" எண்டா புனிதம். "மாமிக்கு அதுக்கு மேல நடந்து திரியலாம்."