நாற்பத்து மூன்றாவது நொடியில் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்

எங்கள் உறவு வட்டாரத்தில் ஒரு செய்தி உலவியது. வரப்போகும் ஒரு விஞ்ஞானப் படத்தின் முழுக் கதையையும் என் சகலை கண்டுபிடித்துவிட்டாராம். அது தெரிந்து படக் கம்பெனி ஆடிப்போய்விட்டதாம். கிளைமாக்ஸையே மாற்றலாமா என்று உட்கார்ந்து யோசிக்கிறார்களாம். என் மனைவி இதைச் சொன்னபோது நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். காதோரம் லேசாகக் கீறிக்கொண்டேன். சகலையை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிற உத்தியோகம். இருமல் மருந்துப் பாட்டிலில் தலைவலித் தைலத்தின் லேபிளை ஒட்டிக் கொண்டுவந்தாலும் புன்னகையோடு கையெழுத்துப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் கண்ணிலேயே ஒன்று பட்டுவிட்டது என்றால், நேரில் போய் விசாரிக்காமல் விட முடியுமா?

விசாரணைக்குப் போகும் வழியில் இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். இவர்களால் ஓர் அப்பாவி ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் பிழைப்பு இந்த நிமிடம் வரை ஊசலாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அலட்சியம் வேண்டாம். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘நொடிநிறுத்தி’.

படக் கம்பெனி செய்தது சின்ன வேலைதான். ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடிக்கு ஒரு வீடியோ. படத்தின் பெயர் இல்லை, நடிகர் பெயர் இல்லை, என்றைக்கு ரிலீஸ் என்றும் இல்லை. ஏதோ எதிர்காலத்தில் ஏதோ ஒரு கம்பெனி வீட்டுவேலைக்கு இயந்திர மனிதனை விற்பது மாதிரி ஒரு போலி விளம்பரம். அந்த இயந்திர மனிதன் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான், சிரிக்கிறான், “உங்கள் நிம்மதியே என் வேலை” என்கிறான், கண்ணைச் சிமிட்டுகிறான். தீர்ந்தது. ஊரே பார்த்தது. நிஜ விளம்பரம் என்று நம்பி, துணி மடிப்பானா, மாடியேறுவானா, மாமியாரோடு பேசுவானா என்று கேட்டவர்கள் ஒரு சாரார். பயமாக இருக்கிறது, பார்க்காதீர்கள் என்று எச்சரித்துவிட்டுத் தாங்கள் மட்டும் பதினான்கு முறை பார்த்தவர்கள் ஒரு சாரார். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. பார்த்தார்கள், பயந்தார்கள், பல் தேய்க்கப் போய்விட்டார்கள்.

நொடிநிறுத்தி அப்படிப் போகமாட்டார். வீடியோவை அவர் பார்ப்பதே இல்லை, நிறுத்துகிறார். ஒரு நொடி ஓட்டுகிறார், நிறுத்துகிறார், பெரிதாக்குகிறார், வெளிச்சத்தைக் கூட்டுகிறார், திரையில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, தம்ளரில் தண்ணீர் ஏன் பாதிதான் இருக்கிறது, கடிகாரத்தில் ஏன் மூன்றே கால், ஜன்னல் திரையில் ஏன் ஒரு வளையம் மட்டும் கழன்றிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்கிறார். அந்த வளையம் தானாகக் கழன்றிருக்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். “இவ்ளோ செலவு பண்ணி எடுத்தவன் சும்மா வைப்பானா?” என்பார். அதுதான் அவருடைய மதம். அவருடைய உலகத்தில் எதுவும் சும்மா இல்லை. சும்மா இருக்கிற ஒரே பொருள் அவருடைய அலுவலகக் கோப்பு.

சகலை வீட்டுக் கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலில் இருந்த பெரிய டிவியில் இயந்திர மனிதன் ஒரு கண்ணைப் பாதி மூடிய நிலையில் உறைந்து நின்றான்.

“வாங்க அத்தான்,” என்றாள் மச்சினி. “மூணு நாளா இந்த ஆளு இப்படியேதான் நிக்கிறான். நான் சாப்பிடறப்போ என்னையே பாக்குறான். நேத்து அவனுக்கு முதுகைக் காட்டி உக்காந்து சாப்பிட்டேன், அதுக்கு உங்க சகலை கோவிச்சுக்கிட்டாரு.”

“மறைக்கிறா சகலை. நாப்பத்து மூணாவது நொடி! இதுலதான் மொத்தக் கதையும் இருக்கு,” என்றார் அவர்.

நான் விசாரணையை ஆரம்பித்தேன். படக் கம்பெனி ஆடிப்போன விஷயத்தை என் மனைவிக்குச் சொன்னது அவள் தங்கை. தங்கைக்குச் சொன்னது சகலை. சகலைக்கு எப்படித் தெரியும்? பதினோராயிரம் நொடிநிறுத்திகள் கூடியிருக்கும் ஒரு குழுவில் படித்தாராம். குழுவில் எழுதியது யார் என்று தேடிக்கொண்டே போனோம். சகலைதான் எழுதியிருந்தார். ‘கம்பெனி ஆடிப்போயிருக்குமோ?’ என்று முந்தாநாள் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். கேள்விக்குறி வழியில் எங்கோ உதிர்ந்துபோய், செய்தியாக வளர்ந்து, அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அவரும் அதைப் படித்து ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

அத்தோடு நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மச்சினி டீ கொடுத்துவிட்டாள்.

“இவன் எத்தனை தடவை கண் சிமிட்டுறான், சொல்லுங்க?”

“ரெண்டு.”

“ரெண்டுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.” ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். இயந்திர மனிதனுக்குப் பின்னால் ஓர் அலமாரி, அலமாரியில் அட்டைப்பெட்டிகள், பெட்டிகளில் எறும்பளவு எண்கள். அவற்றையெல்லாம் எழுதி, கூட்டி, தலைகீழாகத் திருப்பி, ஒரு பூஜ்யத்தை மட்டும் ‘இது கண்ணாடிப் பிரதிபலிப்பு’ என்று தள்ளிவிட்டு, கடைசியில் வரிசையாகச் சில இலக்கங்களை எடுத்து வைத்திருந்தார். மூன்று நாளாக அதற்கு அர்த்தம் கிடைக்காமல் சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம்.

எனக்கு நாக்கில் சனி. எண்ணிப் பார்த்துவிட்டு, “பத்து இலக்கம் இருக்கே சகலை, போன் நம்பரா இருக்கப் போவுது,” என்றேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். சத்தியமாகக் கிண்டலுக்குத்தான்.

சகலை எழுந்து கிட்டே வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “சகலை, நீங்க சாதாரண ஆளே இல்ல.”

கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்குள் வந்த நாளிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் மறுக்காமல் டீயைக் குடித்தேன்.

உலகத்தில் எந்தப் பத்து இலக்கத்தை அழுத்தினாலும் யாரோ ஒருவர் எடுக்கத்தான் செய்வார். இதற்கும் எடுத்தார். சகலை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஃப்ரிட்ஜா, வாஷிங் மெஷினா?” என்றது ஒரு கட்டைக் குரல்.

சகலை போனைப் பொத்திக்கொண்டு என்னிடம், “பாஸ்வேர்டு கேக்குறான்!” என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஃப்ரிட்ஜ்,” என்றார்.

“எத்தனை கதவு?”

“ரெ… ரெண்டு.”

“குளிருதா?”

“இல்லீங்க, நல்லா வேர்க்குது.”

“உங்களைக் கேக்கல சார், ஃப்ரிட்ஜைக் கேட்டேன். சரி, பிளக்கைப் புடுங்கி நாலு மணி நேரம் சும்மா விடுங்க. ஐஸெல்லாம் உருகட்டும். அட்ரஸ் சொல்லுங்க, நாளைக்குச் சாயங்காலம் வந்து பாக்குறேன்.”

சகலை முகவரியை ஒப்பித்தார். போனில் பேசியவர் எங்கள் ஊர்க்காரர்தான். அதுவே பெரிய ஆதாரமாகிவிட்டது. “நம்ம ஊருலயே ஆள் வச்சிருக்கான் பாருங்க!” பத்து நிமிடத்தில் எண்ணும் உரையாடலும் குழுவில் ஏறின, விளக்கவுரையோடு: இரண்டு கதவு என்றால் படம் இரண்டு பாகம். நாலு மணி நேரம் என்றால் அந்த இயந்திரத்தின் ஆயுள். ஐஸ் என்பது உறைந்த நினைவு. கீழே ஒரு வரி: ‘இது போன் நம்பர் என்று கண்டுபிடித்தவர் என் சகலை.’

பிறகு எழுந்து போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் வீட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

மறுநாள் சாயங்காலம் நானும் அங்கே போயிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், சரிபார்க்க. சொன்ன நேரத்துக்கு அழைப்புமணி அடித்தது. சகலை இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், தோளில் ஸ்பானர் பை, சட்டைப் பையில் ஓயாமல் அலறும் போன்.

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தார், நிமிர்ந்தார். “பிளக்கே போடலையே சார்?”

“நீங்கதானே சொன்னீங்க?”

“நாலு மணி நேரம்னேன். நேத்துல இருந்தா?” பிளக்கை மாட்டினார். ஃப்ரிட்ஜ் உறுமியது. “பாத்தீங்களா,” என்று சகலை என் காதில் சொன்னார், “அவரே உயிர் குடுத்துட்டாரு.”

“பாலு, மாவு, எல்லாம் போச்சுங்க,” என்றாள் மச்சினி. “அதுக்கும் ஏதாவது அர்த்தம் இருக்கான்னு குழுவுல கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.”

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். போன் அடித்தது, அணைத்தார், மறுபடி அடித்தது. “என்னன்னே தெரியல சார். காலையில இருந்து முந்நூறு கால். எடுத்தா, ‘ரெண்டு கதவுக்குப் பின்னால என்ன இருக்கு’ன்னு கேக்குறான். காய்கறி இருக்கும்னேன். ‘புரிஞ்சிடுச்சு சார்’னு தேம்பித் தேம்பி அழுவுறான். ஒரு அம்மா, ‘அவன் கெட்டவனா நல்லவனா, அதை மட்டும் சொல்லுங்க’ங்குறாங்க. ஐஸ்கிரீம் கடைக்காரரு எனக்குப் பன்னெண்டு வருஷ வாடிக்கை. காலையில இருந்து அடிச்சுப் பாத்திருக்காரு, லைன் கிடைக்கல. வேற ஆளைக் கூப்பிட்டுக்கிட்டாரு.”

அப்போதுதான் அவர் கண் டிவிக்குப் போனது. பாதிக் கண் மூடியவனைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார். அதில் தன் நம்பரைப் பார்த்தார். அது குழுவில் ஏறிய கதையை மச்சினி இரண்டே வரியில் சொன்னாள்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “பதினெட்டு வருஷமா, நான் கை வச்ச ஒவ்வொரு ஃப்ரிட்ஜ் மேலயும் இந்த நம்பரைத்தான் ஒட்டிட்டு வரேன்,” என்றார். “கடை கிடையாது, போர்டு கிடையாது. இந்த நம்பருதான் சார் நானு. மாத்தவும் முடியாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், இது தப்பு நம்பர்னு ஒரே ஒரு வரி போட்டுடுங்க.”

சகலைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ‘தப்பு’ என்ற சொல்லை அவருடைய விரல் தட்டியதே இல்லை. ஆனாலும் மனிதர் நல்லவர். மூன்று முறை அழித்து எழுதி, ‘அந்த எண் தவறு. யாரும் கூப்பிட வேண்டாம்’ என்று போட்டார். மூவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

முதல் பதில் வந்தது: ‘புரிந்தது. மறுக்கச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள்.’

இரண்டாவது: ‘தவறு என்றால் ஏன் சொல்ல வேண்டும்? சும்மா விட்டிருக்கலாமே?’

மூன்றாவதைப் படிப்பதற்குள் மெக்கானிக்கின் போன் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடைவெளி இல்லாமல் அலற ஆரம்பித்தது.

“நான் சொன்னா இனிமே நம்பமாட்டாங்க,” என்றார் சகலை, என்னைப் பார்த்து. “நீங்க போடுங்க சகலை. ‘கிண்டலுக்குச் சொன்னேன், நான்தான் கிளப்பிவிட்டேன்’னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

“கிண்டலா?” மெக்கானிக் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “இது உங்க வேலையா சார்?”

“இதோ, இப்பவே போட்டுடுறேன்,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, அலறும் போனோடு படியிறங்கிப் போனார். மச்சினி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டபோது என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

குழுவில் சேர்ந்தேன். யார் என்று சொல்லிப் பெயரைப் போட்டதுமே பதினோராயிரம் பேர் எழுந்து நின்றது மாதிரி இருந்தது. ‘பெரிய சகலை வந்துவிட்டார்!’ ‘பத்து இலக்கத்தைப் பார்த்த கண்!’ முன்பின் தெரியாத ஒருவர் என் காலைத் தொட்டுக் கும்பிடுவதாக எழுதியிருந்தார். நான் ‘அது கிண்டலுக்கு’ என்று பாதி அடித்தேன். பிறகு, இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சாவகாசமாக, நல்ல வார்த்தையாகப் பார்த்துப் போடலாம் என்று அழித்தேன். அது ஆகிறது ஒன்பது நாள். நேற்று அந்த எண்ணுக்கு நானே அடித்துப் பார்த்தேன், எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கலாமே என்று. லைன் கிடைக்கவில்லை.

இத்தனை பெரிய கட்டுரையை எழுதிய நேரத்தில் அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாமே என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. வெட்கம், ஆசை, சோம்பல், அவ்வளவுதான் காரணம்; வேறு ஒன்றுமே இல்லை. ஆனால் ‘இல்லையே, இந்த ஆள் இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த வரியை மட்டும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார், இதில் வேறு ஏதோ இருக்கிறதே’ என்று உங்களுக்கு லேசாக ஓர் அரிப்பு எடுக்கிறது பாருங்கள், அதை உடனே கவனிக்க வேண்டும். குழுவில் இடம் இருக்கிறது. பெரிய சகலை பெயரைச் சொன்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மெக்கானிக்குக்கு அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.