குளியலறை உடன்படிக்கை

உலகத்தில் எத்தனையோ சமாதான உடன்படிக்கைகள் கையெழுத்தாகியிருக்கின்றன, கண்ணுகளா. எங்கள் கீழ்வீட்டுக் குளியலறையில் ஏற்பட்டதற்கு முன்னால் அதெல்லாம் தூசு. மேல்வீட்டுக்காரி நான், கண்ணால் கண்ட சாட்சி.

கீழ்வீட்டு ஐயா ஒரு பெரிய அலுவலகத்தில் 'சமரச அதிகாரி'. சண்டை போட்ட ஊழியர்களைச் சேர்த்துவைப்பதுதான் உத்தியோகம். அப்பேர்ப்பட்ட மேதைக்கும் அவர் மனைவிக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவர் முன்னறை, அவள் பின்னறை. தகவல் போக்குவரத்தெல்லாம் ஒன்பது வயது மகள் குட்டிம்மா வழியாக.

அந்த வீட்டில் ஒரு வெள்ளை முயல், ஒரு கறுப்பு முயல். ஒருநாள் என்ன கோபமோ, வெள்ளை கறுப்பின் காதைக் கடித்துக் குதறிவிட்டது.

"ஒண்ணைக் கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம். உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு குட்டிம்மா," என்றார் அப்பா, பெருந்தன்மையாக.

பிள்ளை ஓவென்று அழுதாள். அதே கேள்வியை முன்பும் ஒருதடவை அவளிடம் கேட்டிருந்தார்கள். அப்போது முயலைப் பற்றி இல்லை.

கால்நடை மருத்துவர்தான் வழி சொன்னார். "தனித்தனியா வைங்க. தினம் இது படுத்த துண்டை அதுக்கும் அது படுத்த துண்டை இதுக்கும் மாத்திப் போடுங்க, வாசனை பழகட்டும். அப்புறம் ரெண்டுக்கும் சொந்தமில்லாத இடத்துல விடுங்க. சேர்ந்தா சேரட்டும். இல்லேன்னா ஒண்ணை அனுப்பிடுங்க."

ஐயா சும்மா இருப்பாரா? கோப்பு திறந்துவிட்டார். 'முதல் தரப்பு' வெள்ளை, முன்னறையில். 'இரண்டாம் தரப்பு' கறுப்பு, பின்னறையில்.

"குட்டிம்மா, முதல் தரப்பு இன்னைக்கு அமைதியா இருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, அப்பாவோட முயல் அமைதியா இருந்துச்சாம்."

"கடிச்சதுக்கென்ன, அமைதியாத்தான் இருக்கும்! காது கிழிஞ்சவளுக்குத்தான்டி வலி தெரியும். போய்ச் சொல்லு."

"அப்பா, காது கிழிஞ்சவங்களுக்குத்தான் வலி தெரியுமாம்."

"இது எந்தத் தரப்பு சொல்லுதுன்னு கேட்டுட்டு வா!"

இப்படிப் பதினேழு நாள் துண்டுகள் அறை மாறின. பதினெட்டாம் நாள், யாருக்கும் சொந்தமில்லாத குளியலறையில் மாநாடு. என்னையும் 'பார்வையாளராக' அழைத்திருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள், நடுவில் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு.

வெள்ளை முறைத்தது. கறுப்பு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளை மெல்ல நகர்ந்துபோய், தான் கடித்த அதே காதை நக்கிக்கொடுத்தது.

குட்டிம்மா முகமெல்லாம் சிரிப்பாக அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள்.

ஐயாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "குட்டிம்மா, வெற்றின்னு அம்மாகிட்ட சொல்லு."

அம்மா இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலமே இறுதி அறிக்கையை என்னிடம் படித்துக்காட்டினார். "பயன்படுத்திய பொருள்கள்: கூண்டு இரண்டு, துண்டு இரண்டு, கீரை ஒரு கட்டு. ஏதாவது விட்டுப்போச்சா பெரியம்மா?"

"ஒரு துண்டு விட்டுப்போச்சு தம்பி. எட்டு மாசமா இந்த அறைக்கும் அந்த அறைக்கும் போய்ட்டு வந்துட்டு இருக்கே, அது."

ஐயா அவசரமாகப் பேனாவைத் திறந்தார். "என்ன கலர்?"

"ஒன்பது வயசு," என்றேன்.